ஆயிரம் வேலைக்கு ஆயிரம் பட்டதாரிகள்: புள்ளியியல் இயற்பியலை வைத்து வேலைச் சந்தையை ஆராய ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பெங்களூர் வரும் நம் பிள்ளைகளில் பலர் கொஞ்ச நாளிலேயே டேட்டா வேலைக்குத் தாவிவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் படித்த புள்ளியியல் இயற்பியலை (ஏராளமான துகள்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் பிரிவு) அதற்காக மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதில்லை. எந்த வேலைச் சந்தையில் வந்து நிற்கிறீர்களோ, அதையே அந்தக் கருவிகளை வைத்து ஆராயலாம். சனி ஞாயிறுகளில் ஒரு லேப்டாப் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். பைத்தானும் அதில் எண் கணக்குக்கான நம்பையும் (NumPy) ஓரளவு தெரிந்து, நிகழ்தகவைக் கண்டு பயமில்லாமல் இருந்தால் போதும். பொறியியல் படித்தவர்களுக்கும் இது ஒத்துவரும்.

'மனிதர்கள் என்ன அணுக்களா?' என்று யாராவது கேட்பார்கள். இல்லைதான். ஒரு தனி ஆளுக்கு வேலை கிடைக்குமா என்று இந்த மாடல்கள் சொல்லாது. பல்லாயிரம் பேர் சேரும்போது வெளிப்படும் மொத்தப் போக்கைத்தான் சொல்லும். இந்தத் துறைக்கு 'எகனோஃபிசிக்ஸ்' என்ற பெயரை எச். யூஜின் ஸ்டான்லி வைத்தது 1995இல், நம் கொல்கத்தாவில் நடந்த ஒரு மாநாட்டில். இதே வேலைச் சந்தைக்குப் பொருளாதாரக்காரர்கள் கட்டிய தேடல் கோட்பாடும் இருக்கிறது: ஆளும் வேலையும் ஒன்றையொன்று தேடிக் கண்டடைய நேரமும் செலவும் ஆகும் என்பதிலிருந்து தொடங்குவது. அதற்காக டயமண்ட், மார்டென்சன், பிசாரிடெஸ் மூவரும் 2010இல் நோபல் வாங்கினார்கள். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் இயற்பியலோடு உள்ளே போனால் கருத்தரங்கில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'பட்டதாரிகளுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை?' என்பது மேடைக்கு ஏற்ற கேள்வி. அதை சிமுலேஷன் செய்ய முடியாது. வேலையும் ஆளும் சம எண்ணிக்கையில் இருந்தாலும் எத்தனை இடம் காலியாக நிற்கும்? நண்பர்களைப் பார்த்து ஒரே துறைக்கு எல்லோரும் சாய்வது எந்தப் புள்ளியில் தொடங்குகிறது? ஒரு வருடம் நின்றுபோன கேம்பஸ் ஆளெடுப்பு, சந்தை சரியான பிறகும் ஏன் பழைய அளவுக்கு வருவதில்லை? இப்படி, விடையாக ஒரு எண்ணோ ஒரு வளைவோ வரும்படி கேளுங்கள். மூன்றையும் ஒரே மாடலில் திணிக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு மாடலுக்கு ஒரு கேள்வி போதும்.

யாரும் யாரையும் பார்க்காத மாடல்

1000 வேலை, 1000 பட்டதாரிகள். எல்லா வேலையும் ஒன்றுபோல, எல்லா ஆளும் ஒன்றுபோல. ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு யாருமே போடாமல் இருக்க நிகழ்தகவு 0.999இன் ஆயிரமாவது அடுக்கு, அதாவது ஏறக்குறைய 0.368. ஆக 368 இடம் காலி, 368 பேர் வேலையில்லாமல் வெளியே. இதில் யாருக்கும் திறமைக் குறைவு இல்லை, ஆங்கிலக் குறைவு இல்லை, அரியர் இல்லை. 'திறன் போதவில்லை' என்று பேச வருபவர்கள் இந்த எண்ணைத் தாண்டித்தான் பேசத் தொடங்க வேண்டும். பிகாஸ் சக்கரவர்த்தி குழுவினர் கொடுத்த 'கொல்கத்தா பைசா ரெஸ்டாரன்ட்' கணக்கிலும் இதே எண்தான் வரும்: நூறு பேர் நூறு கடைக்குக் குருட்டாம்போக்கில் சாப்பிடப் போனால் சுமார் 63 கடைக்குத்தான் ஆள் வரும்.

'அப்படியானால் நிறைய இடத்துக்குப் போட வேண்டியதுதானே?' என்றுதான் அடுத்துத் தோன்றும். பி.டி.எம். லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பி.ஜி. அறைக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு கட்டில், நான்கு லேப்டாப். ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை நான்கு பேரும் திறந்து, ஒரே ரெஸ்யூமேயைப் பெயர் மாற்றியதுபோல அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கூடவே ஊர்க்காரர் ஒருவருக்கு 'அண்ணா, உங்க கம்பெனியில ரெஃபரல் கிடைக்குமா?' என்று நான்கு பேரிடமிருந்தும் செய்தி போகும்.

மாடலில் இதைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு சில விண்ணப்பங்கள், வந்த விண்ணப்பங்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு ஒரு நிறுவனம் ஒரு ஆஃபர் தருகிறது, கையில் வந்த ஆஃபர்களில் ஒன்றை ஆள் எடுத்துக்கொள்கிறார், அத்தோடு சுற்று முடிந்தது. ஆளுக்கு 2 விண்ணப்பம் என்றால் ஆஃபரே வராதவர்கள் 322. மூன்று என்றால் 319. ஐந்து என்றால் 330. பத்து என்றால் 349. அதற்குமேல் போகப்போக மறுபடி 368ஐ நோக்கி ஏறும். விண்ணப்பம் அதிகமானால் யாருமே போடாத வேலை என்று ஒன்று இருக்காது, உண்மைதான். ஆனால் இப்போது ஆஃபர்கள் ஒரே ஆளிடம் போய்க் குவிகின்றன. நான்கு ஆஃபர் வைத்திருப்பவர் ஒன்றில்தான் சேர்வார், மீதி மூன்று இடம் காலி. முட்டல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தனி ஆளுக்கு அதிகம் போடுவதில் லாபம் உண்டு, எல்லோரும் அதையே செய்யும்போது அந்த லாபம் கரைந்துவிடுகிறது.

இந்த எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள், நீங்களே எழுதும் புரோகிராமைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பக் கணக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 368இலிருந்து ஒரு பத்து முன்பின் இருக்கும், அது இயல்பு. ஐம்பது முன்பின் வந்தால் புரோகிராமில் எங்கோ ஓட்டை. அப்புறம் ஒரு விதியை மாற்றுங்கள். நம் கல்லூரிகள் பலவற்றில் பிளேஸ்மென்ட் செல் வைத்திருக்கும் 'ஒருவருக்கு ஒரு ஆஃபர்' விதி. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும், ஆஃபர் வாங்கியவர் வரிசையை விட்டு வெளியேறட்டும். காலியிடம் மளமளவென்று குறைவதைப் பார்ப்பீர்கள். அந்த விதியை மாணவர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்பதற்கும் மாடலில் விடை உண்டு: ஆளாளுக்கு விருப்ப வரிசை ஒன்றைக் கொடுத்து, கிடைத்த வேலை அதில் எத்தனையாவது இடம் என்று அளந்து பாருங்கள்.

மறுத்த இடத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிடும் பல சுற்று ஏற்பாடு வேண்டுமென்றால் கேல், ஷாப்லி இருவரும் 1962இல் கொடுத்த முறைக்குப் போக வேண்டும்: ஒரு பக்கம் தன் விருப்ப வரிசைப்படி முன்மொழிந்துகொண்டே போகும், எதிர்ப்பக்கம் வந்ததில் சிறந்ததை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும். விருப்பங்கள் குலுக்கலாக இருந்து இரு பக்கமும் ஆயிரம் ஆயிரம் என்றால், முன்மொழியும் பக்கத்துக்குச் சராசரியாக அவர்கள் பட்டியலில் ஏழாவது கிடைக்கும், எதிர்ப்பக்கத்துக்கு 145ஆவது வாக்கில். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு ஆள் கூடிவிட்டால் யார் முன்மொழிகிறார் என்பது பெரிதாக எடுபடாது, குறைவாக உள்ள பக்கத்தின் கைதான் ஓங்கும். அஷ்லாகி, கனோரியா, லெஷ்னோ மூவரும் 2017இல் வெளியிட்ட முடிவு இது. 1001 பட்டதாரிகள், 1000 வேலை என்று ஓட்டிப் பார்த்தால் நம்பவே முடியாது.

அடுத்தவரைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்

இங்கேதான் ஐசிங் மாடல் வருகிறது. லென்ஸ் 1920இல் முன்வைத்து, பிறகு தன் மாணவர் ஐசிங்கிடம் கொடுத்த காந்தக் கணக்கு. ஒற்றை வரிசையில் நிலைமாற்றம் (ஒரு எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒரே பக்கம் சாய்வது) கிடையாது என்று ஐசிங் சரியாகக் கண்டுபிடித்து, மற்ற பரிமாணங்களிலும் கிடையாது என்று தவறாக முடித்துவிட்டார். இருபரிமாணத்தில் உண்டு என்பதற்கான துல்லியமான தீர்வு ஆன்சாகரிடமிருந்து 1944இல்தான் வந்தது.

இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு ஸ்பின், அதாவது மேலோ கீழோ மட்டும் பார்க்கும் குட்டிக் காந்தம், என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. பக்கம் போனால் +1, கோர் கம்பெனி (படித்த துறையிலேயே வேலை) பக்கம் போனால் −1. எல்லோரின் சராசரியை 'ச' என்போம். ஐ.டி.க்கும் கோருக்கும் உள்ள சம்பள வித்தியாசம் போன்ற வெளி ஈர்ப்பு 'ப', கூட்டாளிகளின் அழுத்தம் 'க'. சராசரிப் புலத்தில், அதாவது ஒவ்வொருவரும் எல்லோரின் சராசரியைத்தான் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் சமன்பாடு இது:

ச = டான்ஹெச்(ப + க × ச)

டான்ஹெச் (tanh) பொத்தான் உள்ள கால்குலேட்டரே போதும். ப பூஜ்யம், க 0.8 என்று வையுங்கள். ச = 0.1இல் தொடங்கி, வந்த விடையையே மறுபடி உள்ளே போட்டுக்கொண்டே போங்கள். விடை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், அதாவது பாதிக்குப் பாதி. க 1.2 என்றால் ச 0.66 அருகே நிற்கும், 83 சதவீதம் ஐ.டி. க 1.5 என்றால் 0.859, 93 சதவீதம். அதே 1.5ஐ −0.1இல் தொடங்கினால் 93 சதவீதம் கோர் பக்கம் போய்விடும். ஐ.டி.யில் கூடுதல் லாபம் எதுவும் இல்லாமலே இவ்வளவு சாய்வு. சாயத் தொடங்கும் இடம் க = 1. இதையே பிராக், டர்லாஃப் இருவரும் 2001இல் பொருளாதார மொழியில் லாஜிட் தேர்வாக (லாபம் அதிகமுள்ள பக்கத்தை அதிக நிகழ்தகவோடு எடுப்பது) எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தால் இரண்டு பக்கத்து மொழியும் கைக்கு வரும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வெப்பநிலையில். இங்கே வெப்பநிலை என்பது நாம் அளக்காமல் விட்ட சொந்தக் காரணங்களின் அளவு. ஒருவருக்குக் கல்விக் கடன், இன்னொருவருக்கு 'சென்னையை விட்டு வெளியே போகாதே' என்ற அம்மா, வேறொருவருக்கு கேட் தேர்வு. ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தால் வெப்பநிலை அதிகம், கூட்டம் சாயாது. மேலே உள்ள க-வில் அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றாகக் கலந்தே இருக்கின்றன. தரவிலிருந்து உங்களால் இந்த விகிதத்தைத்தான் எடுக்க முடியும், இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டதாக யாராவது காட்டினால் எப்படி என்று கேளுங்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. ஒரே வகுப்பில் எல்லோரும் ஐ.டி.க்குப் போனார்கள் என்றால், ஒருவரைப் பார்த்து ஒருவர் போனார்களா, அல்லது அந்தக் கல்லூரிக்கு ஐ.டி. கம்பெனிகள் மட்டும்தான் வந்தனவா? வெறும் எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பொருளாதாரக்காரர் மான்ஸ்கி 1993இல் இதற்குப் 'பிரதிபலிப்புச் சிக்கல்' என்று பெயர் வைத்தார். எந்தக் கம்பெனி எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்ற பட்டியல் கையில் இருந்தால் ஓரளவு தப்பலாம்.

சிமுலேஷனில் ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கும் விதியைக் கிளாபர் முறையில் எழுதுங்கள், லாஜிட் தேர்வும் அதுவும் ஒன்றே. மெட்ரோபோலிஸ் என்ற மற்றொரு திருப்பும் விதியும் அதே சமநிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் போகும் வழி வேறு. 'எத்தனை மாதத்தில் மாறும்' என்பது போன்ற கேள்விக்கு அதை நம்பக் கூடாது. சதுரக் கட்டத்தில் ஆட்களை நிறுத்தாதீர்கள், எந்த ஹாஸ்டலிலும் ஆளுக்குச் சரியாக நான்கு நண்பர்கள் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் பார்க்கும் முழு வலையில் தொடங்கி, பிறகு நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள வாட்ஸ்–ஸ்ட்ரோகாட்ஸ் வலைக்கு (பெரும்பாலும் பக்கத்து நண்பர்கள், இடையிடையே சில தூரத்து நண்பர்கள்) மாறுங்கள். வலை மாறினால் சாயும் புள்ளியும் மாறும்: முழு வலையில் ஒருவரின் எல்லா இணைப்பும் சேர்த்து 1, சதுரக் கட்டத்தில் ஒரு இணைப்புக்கு 0.44 வாக்கில். ஆகவே உங்கள் மாடலில் வந்த எல்லை எண்ணை அப்படியே எடுத்துப்போய் நிஜ உலகத்தின் எண் என்று சொல்லிவிடாதீர்கள்.

தயக்கக் கண்ணி

பன்னிரண்டாம் வகுப்பில் வரைந்த காந்தத் தயக்கக் கண்ணி (hysteresis loop) ஞாபகம் இருக்கிறதா? புலத்தை ஏற்றும்போது ஒரு வழி, இறக்கும்போது வேறு வழி என்று போகும் வளைவு. அதை அப்படியே நிறுவனங்கள் பக்கம் திருப்புங்கள். ஒரு நிறுவனம் ஃப்ரெஷர் எடுத்தால் +1, கேட்டை மூடினால் −1. ப என்பது இப்போது சந்தையின் தேவை. போட்டிக் கம்பெனி எடுக்கிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றும் முடிவெடுக்கிறது. க-வை 1.5இல் நிறுத்தி, ப-வை +0.5இலிருந்து மெதுவாகக் குறையுங்கள். பூஜ்யத்தைத் தாண்டியும் எல்லோரும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். −0.21 அருகே ஒரேயடியாக எல்லாக் கேட்டும் மூடும். இப்போது ப-வைத் திரும்ப ஏற்றுங்கள். மூடிய இடமான −0.21க்கு வந்தாலும் திறக்காது, பூஜ்யத்திலும் திறக்காது, +0.21 வரை போக வேண்டும். 2021–22இல் ஐ.டி. நிறுவனங்கள் ஃப்ரெஷர்களை அள்ளி எடுத்ததும், 2023–24இல் கை சுருங்கியதும், ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் ஆன்போர்டிங் தேதிக்குக் காத்துக் கிடந்ததும் நினைவுக்கு வரும். இந்த மாடலை ஓட்டிப் பார்க்க அது நல்ல காரணம், மாடல் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

இதில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் உண்டு. சராசரிப் புலம் சரியாக வர ஸ்பின்கள் ஏராளமாக வேண்டும். மாணவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சரி. மொத்தமாக ஆளெடுக்கும் பெரிய நிறுவனங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைந்தால் தற்செயல் அசைவிலேயே கண்ணி சீக்கிரம் உடையும். எனவே 20, 200, 2000 நிறுவனங்கள் என்று மூன்று அளவில் ஓட்டி, தாவும் இடம் எப்படி நகர்கிறது என்று வரையுங்கள். ப-வை எவ்வளவு வேகத்தில் மாற்றினீர்கள் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள், அது இல்லாமல் கண்ணியின் அகலத்துக்கு அர்த்தமே இல்லை.

மந்தமான ஆண்டில் பட்டம் வாங்கியவர்களின் சம்பளம் பல ஆண்டுகள் பின்தங்குவது தனி விஷயம். கனடாவில் ஓரியோபோலஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் தொடக்கத்தில் சுமார் 9 சதவீத இழப்பு, ஐந்து ஆண்டில் பாதியாகி, பத்து ஆண்டில் மறைகிறது. அது தனி மனிதரிடம் ஒட்டியிருக்கும் வடு. கண்ணி என்பது கூட்டத்தின் நினைவு. இரண்டையும் ஒரே வளைவில் பொருத்தாதீர்கள்.

தரவு எங்கே கிடைக்கும்

முதல் இடம் பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017இல் தொடங்கியது, 2025 ஜனவரியிலிருந்து மாதாமாதமும் மதிப்பீடு வருகிறது. புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்தால் தனிநபர் அளவிலான கோப்புகள் இலவசம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெருக்கி எண் இருக்கும், அந்த ஆள் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பது அது. அதைப் போடாமல் சதவீதம் எடுத்தால் அத்தனையும் வீண். 'பெங்களூரில் 22 வயது மெக்கானிக்கல் பட்டதாரிகள்' என்று நறுக்காதீர்கள், மிஞ்சுவது கையளவு ஆட்கள்தான். கர்நாடகம் முழுக்க, அல்லது நகர்ப்புற இந்தியா முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை தேடாமல் வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் 'வேலையில்லாதவர்' கணக்கில் வரமாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. பெண்களில் பலர் இப்படித்தான் கணக்கிலிருந்தே விழுகிறார்கள். அதனால் உங்கள் ஸ்பினுக்கு +1, −1 தவிர பூஜ்யம் என்ற மூன்றாவது நிலையும் தேவைப்படலாம்.

இந்தத் தரவை எப்படிப் படிப்பது என்று பழக, இங்கேயே உள்ள அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிட்ட 2023ஆம் ஆண்டு இந்திய வேலைநிலை அறிக்கையைப் பாருங்கள். 25 வயதுக்குக் கீழுள்ள பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதம், 35ஐத் தாண்டியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் கீழே. ஆஹா, தளர்வு நேரம் (வேலையின்மை வடிய ஆகும் காலம்) கிடைத்துவிட்டது, ஒரு அடுக்குக்குறி வளைவைப் பொருத்திவிடலாம் என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள். இது ஒரே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த கணக்கு அல்ல, வெவ்வேறு ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்களை ஒரே நாளில் எடுத்த படம். மேலும், வேலை கிடைத்தது என்றால் படித்ததற்கு ஏற்ற வேலை என்று பொருள் இல்லை.

இரண்டாவது இடம் என்.ஐ.ஆர்.எஃப். எனப்படும் மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் பி.டி.எஃப்.கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை என்று மூன்று ஆண்டுக்கு இருக்கும். சம்பளக் கட்டத்தில் எண்ணோடு ஒட்டி எழுத்தாலும் தொகை போட்டிருப்பார்கள், நேரடியாக எண்ணாக மாற்றப் போனால் பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணை நூலகம்) முரண்டு பிடிக்கும். இலக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, எழுத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இவை கல்லூரிகள் தாமே சொல்லும் எண்கள், மீடியனும் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும்தான். கிடைக்காதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில கல்லூரிகளில் மீடியன் பூஜ்யமாகிவிடும்.

மாடலைத் தரவோடு பொருத்தும்போது சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். கல்லூரிக்குக் கல்லூரி ஐ.டி. பங்கு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். க ஒன்றுக்குக் கீழே இருந்தால் நடுவில் ஒரே மேடு, மேலே இருந்தால் இரண்டு மேடு வர வேண்டும். ஆனால் கல்லூரிகளே இரண்டு வகையாக இருந்தாலும் இரண்டு மேடு வரும், அங்கே மான்ஸ்கி மறுபடி வந்து நிற்பார். மொழி, சாதி, பாலினம், குடும்பத்தின் முதல் பட்டதாரியா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் ப-வாகத்தான் மாடலுக்குள் வர வேண்டும், வெப்பநிலைக்குள் தள்ளிவிடக் கூடாது. அதையெல்லாம் 'இரைச்சல்' என்று எழுதும் கட்டுரைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

பெங்களூரில் யாரிடம் காட்டுவது

தனியாக உட்கார்ந்து செய்தால் பாதியில் அலுத்துப்போகும். ஹெசரகட்டா பக்கம் உள்ள ஐ.சி.டி.எஸ். (சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம்), இந்திய அறிவியல் கழகம், ராமன் ஆய்வுக் கழகம், ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் ஆகியவற்றில் புள்ளியியல் இயற்பியல் குழுக்கள் உண்டு. கருத்தரங்கு அறிவிப்புகளை அவர்களின் தளங்களிலேயே பார்க்கலாம். ஐ.சி.டி.எஸ். நடத்தும் 'காபி வித் க்யூரியாசிட்டி' பொதுச் சொற்பொழிவுகளுக்கு யாரும் போகலாம். விரிவுரைகள் யூட்யூபிலும் இருப்பதால் சில்க் போர்டு நெரிசலில் சிக்குபவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தமிழில் பேசிப் பார்க்க இரண்டு பேர் வேண்டுமென்றால் அல்சூர் ஏரி பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள். இயற்பியல் தெரியாதவருக்கு 368ஐப் புரியவைக்க முடிகிறதா என்று அங்கே சோதிக்கலாம்.

ஆண்டுதோறும் நடக்கும் பெங்களூர்ப் புள்ளியியல் இயற்பியல் பள்ளிக்கும் விண்ணப்பியுங்கள். பல மாதங்கள் முன்பே பதிவு மூடிவிடும், அதனால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். போகும்போது மூன்று படம் தயாராக இருக்கட்டும்: விண்ணப்ப எண்ணிக்கைக்கு எதிராக ஆஃபர் கிடைக்காதவர்கள், க-வுக்கு எதிராக ஐ.டி. பங்கு, மூன்று அளவில் ஓட்டிய தயக்கக் கண்ணி. ஒவ்வொன்றுக்கும் கீழே எதை அனுமானித்தீர்கள், எத்தனை முறை ஓட்டினீர்கள், பிழைக்கோடு எவ்வளவு என்று எழுதி, புரோகிராமையும் ஒரு பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.